கேமியல் போட்ட கோடு

காலை ஏழு மணிக்குக் கேமியல் வெர்ஸ்ட்ராட் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். இடது கன்னம் மண்ணில். வலது கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால், மட்டை பிடிக்கிறவன் நிற்கிற ஹோமிலிருந்து மூன்றாம் பேஸ் வரைக்கும் போகிற முப்பது கஜத்தையும் அளந்துகொண்டிருக்கிறார். தையல் பிரிந்த பழைய பந்து ஒன்றை ஒற்றை விரலால் தள்ளிவிடுகிறார். அது போகிறது, தயங்குகிறது, நிற்கிறது. "இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்கா" என்று மண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து உட்காருகிறார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, யோசித்து, துப்புகிறார். களி கூடிப்போயிற்றா, மணல் கூடிப்போயிற்றா என்பதை நாக்குதான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஹாலோவே பேஸ்பால் மைதானத்தின் தரை அவர் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக. அதற்கு முன்பு கலப்பைத் தொழிற்சாலையில் வார்ப்படத்துக்கு மணல் பிசைந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரைத் தெருவில் பெல்ஜியக்காரர்கள் கூடுகிற மதுக்கடைக்குப் பின்னால் ரோலெ போலெ ஆட ஒரு களிமண் தரை உண்டு. சக்கரம் போன்ற கட்டையை உருட்டிக் கம்பத்தின் அருகே கொண்டுபோய்ச் சாய்க்கிற ஆட்டம் அது. கட்டை ஒருநாளும் நேராகப் போகாது. ஆடுகிறவனைவிடத் தரைக்குத்தான் அதில் வேலை அதிகம். அந்தத் தரையைப் போட்டது கேமியல். ஞாயிற்றுக்கிழமை பீர் குடிக்க வந்த பேஸ்பால் கிளப் முதலாளி குனிந்து அதைத் தடவிப் பார்த்தார், மறுவாரமே ஆளனுப்பினார்.

அவருக்குப் புருவம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஈரத் தரையில் ஆட்டம் நடத்த முடியாது, ஆட்டம் நடக்காவிட்டால் வந்த கூட்டம் திரும்பிப் போய்விடும். ஆகவே பெட்ரோலைப் பீப்பாயோடு கொண்டுவந்து பேஸ்களுக்கிடையே ஊற்றிக் கொளுத்திவிட்டு, எரிகிற மண்ணை வாரியால் புரட்டிக்கொண்டே பின்னால் நடப்பார். பார்க்கிறவர்கள் பத்தடி பின்வாங்குவார்கள். அவருக்கு அது அடுப்பு வேலை. புருவத்தைப் பற்றி யாராவது அவர் மனைவி சிடோனியிடம் கேட்டால், "கல்யாணத்தப்ப இருந்துச்சு. போட்டோ வெச்சிருக்கேன்" என்பாள்.

இத்தனை வருஷத்தில் அவர் ஓர் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். மூன்றாம் பேஸ் பக்கக் கேலரிக்கு அடியில் அவருடைய கொட்டகை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சல்லடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் முடிதிருத்துகிறவர் கூப்பிட்டு, "என்ன கேமியல், நம்மாளுங்க ஜெயிச்சாங்களா?" என்று கேட்டால், "ரெண்டாம் பேஸ் பக்கம் கொஞ்சம் சீக்கிரமே காஞ்சுபோச்சு" என்பது பதில். கேட்டவர் மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் கிளப் அவரை வைத்திருப்பது தரையைப் பெருக்க மட்டும் இல்லை. அது ஊருக்கே தெரியும், வெளியூருக்கும் தெரியும். நம் வீச்சாளருக்குக் கை சோர்ந்த நாளில் ஹோமுக்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகப் பாயும். பந்து சேற்றில் சோம்பி நிற்கும், அடித்தவன் பாடு திண்டாட்டம். வெளியூர்க்காரர்களில் வேகமாக ஓடுகிற ஒருவன் வந்தால், அவன் காலெடுத்து வைக்கிற இடம் மட்டும் ஏனோ பொதபொதவென்று இருக்கும். விதிப்புத்தகத்தில் இதற்குத் தடையில்லை. எல்லா ஊரிலும் செய்கிறார்கள். கேமியல் மற்றவர்களைவிட அழகாகச் செய்கிறார், அவ்வளவுதான்.

அவருடைய பெருமையெல்லாம் மூன்றாம் பேஸ் கோடுதான். அது டெல் ஹாஸ்கின்ஸுக்காகப் போட்ட கோடு.

டெல் ஆறு வருஷம் ஹாலோவேக்கு ஆடினவன். மட்டையை ஓங்கி வீச அவனுக்குப் பலம் போதாது. பன்ட் அவன் தொழில். மட்டையை வீசாமல் பந்தின் மேல் சும்மா வைத்து, கோட்டை ஒட்டி மெதுவாக உருட்டிவிட்டு, எதிராளி ஓடிவந்து அதைப் பொறுக்குவதற்குள் முதல் பேஸுக்கு ஓடிவிடுவான். பந்து கோட்டுக்கு உள்ளேயோ கோட்டின் மேலேயோ நின்றால் செல்லும். வெளியே உருண்டால் செல்லாது. இதில் டெல்லுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேமியல் ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தார். பிறகு வந்த வசந்தத்தில் கோட்டின் வெளிப்பக்கத்தை ஒரு விரல் உயர்த்தி, மண்ணை உள்ளே சாய்த்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார். பார்த்தால் தெரியாது, படுத்துப் பார்த்தால் தெரியும். வெளியே போகலாமா என்று நினைக்கிற பந்து மனத்தை மாற்றிக்கொண்டு உள்ளே திரும்பிவிடும். அந்த வருஷம் டெல் பன்ட் செய்தே நாற்பது முறை பேஸ் ஏறினான். சிடோனி சுடுகிற ஆப்பிள் ரொட்டியில் பாதி, சனிக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போகும்.

இந்த பிப்ரவரியில் கிளப் டெல்லை கார்வர் சிட்டி அணிக்குக் கொடுத்துவிட்டு, பந்தை வேலிக்கு வெளியே அடிக்கிற இருபத்திரண்டு வயதுப் பயில்வான் ஒருவனை வாங்கிக்கொண்டது. சேதி மதுக்கடைக்கு வந்தபோது கேமியல் குடித்துக்கொண்டிருந்தார். பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பீரை மிச்சம் வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த வருஷம், 1937இல், ஹாலோவே முதல் பத்து நாள் வெளியூர்களில் ஆடிவிட்டு ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்பியது. உள்ளூரின் முதல் ஆட்டம், எதிரி கார்வர் சிட்டி. அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. ஆகவே மறுநாள் சனிக்கிழமை, மே முதல் தேதி, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று அறிவித்தார்கள். கேமியல் விடியுமுன் வந்து பெட்ரோலைக் கொளுத்தினார், மண்ணைப் புரட்டினார், பரம்பு இழுத்தார், உருளை ஓட்டினார். மூன்றாம் பேஸ் பக்கம் வந்தார். படுத்தார், எழுந்தார், இடித்தார், மறுபடி படுத்தார். பதினோரு மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது. இவ்வளவு நல்ல கோடு நான் போட்டதில்லை என்று நினைத்தாராம்.

ஒரு மணிக்குக் கேலரி நிரம்பிவிட்டது. வெயில் இருந்தும் குளிர் போகவில்லை. மேல்கோட்டும் கம்பளியுமாக வந்து உட்கார்ந்தார்கள். தீயணைப்புக்காரர்களின் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. மேயர் முதல் பந்தை வீசினார், அது அவருடைய தொகுதியைத் தாண்டவில்லை. தந்தியில் வருகிற மற்ற ஊர் ஆட்டங்களின் கணக்கைப் பெரிய பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில் எந்த ஊரும் இன்னும் தோற்றுப்போய்விடவில்லை. வேர்க்கடலைத் தோலை மிதித்துக்கொண்டு ஆயிரத்தெட்டு பேர் இந்த வருஷம் நம்முடையது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், சொன்னவர்கள் நம்பவும் செய்தார்கள்.

கார்வர் சிட்டிக்காக முதலில் மட்டை பிடிக்க வந்தவன் டெல். கூட்டம் எழுந்து கைதட்டியது, பிறகு எதிரி ஆயிற்றே என்று நினைவு வந்து கிண்டலை ஆரம்பித்தது. "டெல்லு, சட்டை மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டியா?" என்றது ஒரு குரல். "வயசாயிருச்சுடா, கைத்தடி கொண்டு வந்தியா?" என்றது இன்னொன்று. டெல் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டான். இரண்டாவது பந்திலேயே பன்ட்.

கேமியல் கொட்டகைக்குள் சல்லடையோடு இருந்தார். கூட்டத்தின் சத்தம் வினோதமாக இருக்கவே தலையை நீட்டினார். பந்து கோட்டை ஒட்டி வந்துகொண்டிருந்தது. வெளியே சாய்வது போல் ஒரு நொடி காட்டியது, பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு உள்ளே திரும்பி நின்றது. டெல் முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கினான்.

கேமியல் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கலைக்கவோ திருத்தவோ வழியில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில்தான் தரையைத் தொடலாம். ஐந்தாவது சுற்றில் டெல் இன்னொரு பன்ட் வைத்தான். அதுவும் அதே மாதிரி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. அதில் ஏறியவன் ஓட்டமும் எடுத்தான். ஹாலோவே ஓர் ஓட்டத்தில் தோற்றது. கேமியல் அன்றைக்குத்தான் ஓர் ஆட்டம் எப்படி முடிகிறது என்று பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் டெல் நேராகக் கொட்டகைக்கு வந்தான். குழாயைத் திறந்து கழுத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டான். முப்பத்தைந்து வயதுக்கு அதிகமாகவே களைத்திருந்தான்.

"அண்ணே" என்றான் மெதுவாக. "எனக்காகவா பண்ணீங்க?"

கேமியலுக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அது பொய். இல்லை என்றாலோ அதைவிடக் கேவலமாக இருக்கும்.

"மறந்துட்டேன்டா" என்றார்.

"என்னத்த?"

"நீ போயிட்டங்கறத."

டெல் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "என்னைய இவ்வளவு நல்லா யாரும் மறந்ததில்லண்ணே" என்றான்.

பிறகு சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னான். சீசன் தொடங்கி இரண்டு வாரத்துக்கு அணிகள் கூடுதலாக ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கெடு முடியப்போகிறது. "நாளைக்குக் காலைல லிஸ்டு தந்தியில போகுது. என் இடத்துக்கு ஒருத்தன் வந்திருக்கான், பத்தொம்பது வயசு. அவன் ஓடினா காத்து தெரியாது. ரெண்டுல ஒருத்தன் பேருதான் இருக்கும். இந்த ரெண்டு மேட்ச்சையும் பாத்துட்டு எழுதுறேன்னு எங்க மேனேஜர் சொல்லிட்டாரு. இல்லேன்னா மச்சான் கோழிப் பண்ணையில முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான். மச்சான் இப்பவே கூடை வாங்கி வெச்சிட்டான்."

"கோட்டைக் கலைக்கணும்டா" என்றார் கேமியல்.

"கலைங்க. அதானே உங்க வேலை." டெல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க. ஆப்பிள் ரொட்டி இல்லாம எளைச்சுட்டேன்னும் சொல்லுங்க."

அவன் போவதற்கும் பக் ஆர்னெட் வருவதற்கும் சரியாக இருந்தது. ஆர்னெட் ஹாலோவேயின் மேனேஜர். சிவந்த கழுத்துக்காரர், வாயில் புகையிலை இல்லாத நேரமே கிடையாது. வந்தவர் பேசாமல் ஒரு பந்தைக் கோட்டின் மேல் வைத்து விரலால் தட்டினார். அது சமர்த்தாக உள்ளே உருண்டது.

"யோவ் கேமியல், இது யாரு வீட்டுக்குப் போட்ட ரோடு?"

கேமியல் பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவன் போயிட்டான்னு உனக்கு ஒருத்தரும் சொல்லலயா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"கைக்கு யாரும் சொல்லல."

ஆர்னெட் புகையிலையைத் துப்பினார். கோட்டுக்கு வெளியேதான் துப்பினார், அந்த மரியாதை அவருக்கு உண்டு. "சரி, ஆனது ஆயிருச்சு. இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு. வெளிப்பக்கமா சாய். அவன் உருட்டுற ஒவ்வொண்ணும் வெளிய போகணும்."

"மட்டமாக்கித் தாரேன்."

"மட்டமா? சர்ச்சுக்குத் தரை போடவாய்யா கூப்பிட்டேன்?"

"உள்ள சாய்க்கிறது நம்மாளுக்கு ஒரு கை குடுக்குறது. வெளிய சாய்க்கிறது ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போடுறது" என்றார் கேமியல். "மண்ணு என் கையில இருக்குங்கறதுக்காக அதைச் செய்ய மாட்டேன்."

"அப்ப திங்கக்கிழமை வேற ஒருத்தன் வாரியப் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். உள்ள சுவத்துலதான் மாட்டியிருக்கு."

ஆர்னெட் அவரை மேலும் கீழும் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதர் இத்தனை வாக்கியம் பேசி அவர் கேட்டதில்லை. "மட்டமா இருக்கான்னு நான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

கேமியல் இரண்டு முளையடித்து நூல் கட்டினார். மண்வெட்டியால் வெளி விளிம்பைச் சீவினார், உள்ளே பள்ளமான இடத்தில் நிரப்பினார், தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார். ரசமட்டத்தை முழத்துக்கு முழம் வைத்துப் பார்த்தார். கேலரியில் மிச்சமிருந்தவர்கள் கடுகு தடவிய ரொட்டியை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வருஷக்கணக்காகப் பாடுபட்டு உண்டாக்கிய சாய்வை இருபது நிமிஷத்தில் தன் கையாலேயே எடுத்துவிட்டார். டெல்லின் இடம் போனால் அது என் கையால் போனதாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அதற்காகக் கை கொஞ்சமும் ஏமாற்றவில்லை. ஆர்னெட் மூன்று இடத்தில் பந்தை வைத்துப் பார்த்தார். வைத்த இடத்திலேயே அது நின்றது. ஆர்னெட் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேமியல் புதிதாகச் சுண்ணாம்பு போட்டார்.

இப்படி இரண்டு ஆட்டம் வைத்தால் இரண்டாவது ஏழு சுற்றுதான், வழக்கம் அது. கேமியல் கொட்டகைக்குள் போகவில்லை. வாசலிலேயே வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். டெல் முதல் தடவை பந்தை அடித்து, வானத்தில் கேட்ச் கொடுத்து அவுட். இரண்டாவது தடவை பன்ட் வைத்தான். பந்து அரை கஜம் போனதும் வெளியே உருண்டது, செல்லவில்லை. அதற்கடுத்த பந்தில் அவுட். கார்வர் சிட்டி மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டதைக் கேமியல் பார்த்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுக்காரன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு பக்கமும் இரண்டு ஓட்டம். நிழல் மைதானத்தின் பாதிக்கு வந்துவிட்டது. கார்வர் சிட்டிக்காரன் ஒருவன் மூன்றாம் பேஸில் நிற்கிறான், ஒருவர் அவுட். டெல் வந்தான். முதல் பந்தை வீசி அடித்தான், படவில்லை. அடுத்ததை விட்டுவிட்டான், நடுவர் அதையும் ஸ்டிரைக் என்றார். மூன்று ஆனால் அவுட், இன்னும் ஒன்றுதான் பாக்கி. இந்த நிலையில் பன்ட் வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் அதுவே அவுட். ஹாலோவேயின் மூன்றாம் பேஸ் காவலன் ஹால்வர்சன் அந்தத் தைரியத்தில்தான் நாலு எட்டு பின்னால் தள்ளி நின்றான்.

டெல் மட்டையைக் கிடையாகப் பிடித்தான். பந்து அதன் மேல் பட்டு, சத்தமே இல்லாமல் கோட்டில் இறங்கியது. மூன்றாம் பேஸில் நின்றவன் புறப்பட்டு ஓடிவந்து ஹோமைத் தொட்டுவிட்டான். பந்து உள்ளே நின்றால் அந்த ஓட்டம் செல்லும், டெல்லும் பிழைப்பான். வெளியே போனால் ஓட்டமும் இல்லை, டெல்லும் இல்லை. ஹால்வர்சனுக்கும் அது தெரியும். எடுத்து எறிய நேரமில்லை என்று, ஓடிவந்தவன் பந்தைத் தொடாமல், இரண்டு கையையும் விரித்து அதன் மேல் குனிந்தபடி, போ, வெளிய போ என்று அதனோடு கூடவே நடந்தான்.

பந்து வெள்ளைக் கோட்டின் மேலேயே வந்தது. போன வருஷத்துத் தரையாக இருந்தால் எப்போதோ உள்ளே விழுந்திருக்கும். ஆர்னெட் கேட்ட தரையாக இருந்தால் எப்போதோ வெளியே போயிருக்கும். இது எந்தக் கட்சியிலும் சேராத தரை. ஆயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். சுண்ணாம்புத் தூள் கிளப்பிக்கொண்டு பந்து ஊர்ந்தது, வெளிப்பக்கம் ஒரு நூலளவு சாய்ந்தது.

ஆர்னெட் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. தன் பெஞ்சுக்கு இருபதடி தள்ளி, கொட்டகை வாசலில் நின்ற ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலோவே கிளப்பின் சம்பளம் வாங்குகிற கேமியல் வெர்ஸ்ட்ராட், வாரியைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, வாயைக் குவித்து, கன்னம் உப்ப, நாற்பது கஜத்துக்கு அப்பால் இருந்த பந்தை உள்பக்கம் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார்.

பந்து கோட்டின் மேல் நின்றது. நடுவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கையை உள்பக்கம் நீட்டினார். அதற்குப் பிறகும் கேமியல் ஊதுவதை நிறுத்தவில்லை.